ஜெர்மனியிடம் இரண்டு வசூல்

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியைக் கசக்கிப் பிழிந்தார்கள், ஹிட்லர் வந்தார். இரண்டாம் போருக்குப் பிறகு கைதூக்கி விட்டார்கள், அமைதி வந்தது. இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். டீ ஆறுவதற்குள் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

1921 மே மாதம் வென்ற நாடுகள் விதித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். கேட்டாலே தலைசுற்றும். ஆனால் அதில் 8,200 கோடி 'சி' வகைப் பத்திரங்கள். வசூலாகும் என்று அவற்றை எழுதியவர்களே நம்பவில்லை. பிரான்சிலும் பிரிட்டனிலும் வாக்காளர்களுக்குக் காட்ட ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உண்மையில் கேட்டது 5,000 கோடி.

அதிலும் தவணை தவறியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் நுழைந்தன. தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டு அச்சடித்தது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த மார்க், நவம்பரில் டாலருக்கு 4.2 லட்சம் கோடி என்றானது.

பிறகு வந்தது 1924-இன் டாஸ் திட்டம். அமெரிக்கா ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கும். ஜெர்மனி பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் கட்டும். அவை தங்கள் போர்க்கடனை அமெரிக்காவுக்குத் திருப்பும். கந்துவட்டிக்காரரே வட்டி கட்டவும் கடன் கொடுக்கிற கதை. 1929-இல் வால் ஸ்ட்ரீட் சரிந்ததும் சக்கரம் நின்றது. 1932-இல் லோசான் மாநாட்டில் இழப்பீட்டை ஏறக்குறைய கைகழுவிவிட்டார்கள். அதாவது, 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவியேற்றபோது வசூலே நடக்கவில்லை. வாங்க முடியாத அந்தப் பணத்தால் வென்றவர்களுக்கு லாபமில்லை. மேடையில் முழங்க ஹிட்லருக்குத்தான் அது உதவியது.

1945-இலும் எடுத்த எடுப்பில் கருணை ஒன்றும் இல்லை. சோவியத் படைகள் தங்கள் பகுதியிலிருந்த ஆலைகளைக் கழற்றி ரயிலேற்றின. பனிப்போர் முற்றியதும்தான் மேற்கு நாடுகளுக்கு வலுவான மேற்கு ஜெர்மனி தேவைப்பட்டது. 1953 பிப்ரவரியில் லண்டன் ஒப்பந்தம்: போருக்கு முந்தைய கடனும் பிந்தைய கடனுமாகச் சுமார் 3,000 கோடி மார்க், ஏறத்தாழ பாதியானது. ஏற்றுமதியில் மிஞ்சுவதிலிருந்து கட்டலாம் என்பது அடிப்படை. கடன்காரர் செழித்தால்தான் பணம் வரும் என்று இந்த முறை புரிந்திருந்தது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் இலங்கையும் உண்டு.

கிரீஸும் இருந்தது. நாஜி ஆக்கிரமிப்பில் மக்களைப் பஞ்சத்துக்குப் பலிகொடுத்த நாடு, கட்டாயக் கடனாகப் பணத்தையும் பறிகொடுத்த நாடு. ஆனால் போர் இழப்பீடு பற்றிய பேச்சை இறுதி உடன்பாடு வரும்வரை தள்ளிவைப்பதாக அதே ஒப்பந்தம் சொன்னது. 1990-இல் இரு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் அப்படியோர் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது கிரீஸுக்கு அந்த மேசையில் இடமில்லை. அத்தோடு விவகாரம் முடிந்தது என்கிறது பெர்லின். ஏதென்ஸ் ஏற்கவில்லை.