உயரத் தொப்பிக்கு லீவு!

கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் தெரியும். வாங்க, லாயத்துப் பக்கமாகப் புகுந்துவிடுவோம். இடம்: அமெரிக்காவின் கென்டக்கி குதிரைப் பூங்கா. ஆண்டு 2010. உலகக் குதிரையேற்றப் போட்டிகள் ஐரோப்பாவைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. எட்டுப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில்! ஓடும் குதிரையின் முதுகில் குட்டிக்கரணம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், 160 கிலோமீட்டர் சவாரிக்காரர்கள் இன்னொரு பக்கம்.

அதோ, கவ்பாய் தொப்பியில் ஒரு பெண்மணி. யாரென்று தெரிகிறதா? நெதர்லாந்தின் ஆன்கி வான் குருன்ஸ்வெனேதான்! டிரஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டியில் 2000, 2004, 2008 என்று வரிசையாக மூன்று ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றவர். வால் கோட்டு, உயரத் தொப்பி, இசைக்கேற்ற நடை என்றே பார்த்துப் பழகிய மகாராணி, இங்கே ரெய்னிங் அணியில்!

ரெய்னிங் என்பது மாட்டுப் பண்ணைச் சவாரியிலிருந்து வளர்ந்த வித்தை. டிரஸ்ஸாஜில் இரண்டு கையாலும் வாரைப் பிடித்து, குதிரையின் வாயோடு தொடர்பு விடாமல் இருக்க வேண்டும். இங்கேயோ ஒரே கை, வாரும் தொளதொளவென்று தொங்குகிறது. அங்கே அரங்கம் மூச்சுக்கூட விடாது. இங்கே குதிரை நின்ற இடத்தில் பம்பரமாகச் சுழன்றால் விசில் பறக்கும்!

அந்தக் குதிரையின் பின்னங்கால் லாடத்தைக் குனிந்து பாருங்கள். வழக்கமான லாடத்தைவிட அகலம், அடிப்பக்கம் வழுவழு. நாலுகால் பாய்ச்சலில் வருகிற குதிரை பின்பக்கத்தைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட உட்கார்ந்தபடியே சறுக்கி நிற்பது இந்த லாடத்தின் தயவில்தான். அப்போதும் முன்னங்கால்கள் நடந்துகொண்டே இருக்கும்! டிரஸ்ஸாஜ்காரர் இதைப் பார்த்தால் சும்மா கைதட்டிவிட்டுப் போக மாட்டார். எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றத்தானே அவரும் வருடக்கணக்காகப் பாடுபடுகிறார்! நின்ற இடத்திலேயே தாளம்போடும் பியாஃபுக்கும் அதே இடுப்புதான் மூலதனம்.

கென்டக்கியில் ஆன்கிக்குப் பதக்கம் இல்லை. அதனால் என்ன? 2012 லண்டனில் டிரஸ்ஸாஜ் அணியோடு வெண்கலம் வாங்கிவிட்டார்.

ஜம்பிங் மைதானத்தில் இன்னும் பெரிய கூத்து. இறுதிக்கு வந்த நால்வரும் சொந்தக் குதிரையில் ஒரு சுற்றுத் தடைகளைத் தாண்டியபின், மற்ற மூவரின் குதிரையிலும் ஏறித் தாண்ட வேண்டும்! கனடாவின் எரிக் லமாஸ், தனக்கு பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த குதிரை ஹிக்ஸ்டெட்டை எதிராளியிடமே ஒப்படைக்கிறார். பெற்ற பிள்ளையை யாராவது இப்படிக் கொடுப்பார்களா? புதுக் குதிரையோடு பழக சில நிமிடங்கள்தான். அதற்குள் அதன் குணம் பிடிபட வேண்டும்; பிடிபடும்போதே, இதை இவ்வளவு பக்குவப்படுத்தியவர் யாரென்பதும் புரிந்துவிடும். பெல்ஜியத்தின் பிலிப் லெ ஜோன் நாலு குதிரையிலும் ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை. தங்கம்! சவூதியின் அப்துல்லா அல் ஷர்பத்லிக்கு வெள்ளி, லமாஸுக்கு வெண்கலம்.

2018 போட்டியில் இந்தக் குதிரை மாற்றம் கிடையாது, எடுத்துவிட்டார்கள். குதிரைகளுக்கு நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களை மாதிரி வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!