புத்தகம் வாங்கக் காசில்லையா? லைப்ரரி எதுக்கு இருக்கு!



"படிப்பைப் பாதியில விட்டுட்டேன். இனிமே எங்க படிக்கிறது?" என்று நம் குழுக் கூட்டங்களில் பலர் சொல்வதுண்டு. இப்படி விட்டுப்போன படிப்பைத் தொடர நினைப்பவர்களில் பலர் அமெரிக்காவில் சேருவது சமுதாயக் கல்லூரியில்தான். 'கம்யூனிட்டி காலேஜ்' என்பார்கள். அந்தக் கல்லூரிகளில் நூலகம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நமக்கும் அதில் பாடம் இருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

இது இரண்டு வருடப் படிப்பு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 6 மாணவர்களோடு இது தொடங்கியது. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 1,000 கல்லூரிகள் இருக்கின்றன. மார்க் குறைவு என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. வயதும் தடையில்லை. நர்சிங், கணக்கு, வெல்டிங் என்று தொழில் படிக்கலாம். இரண்டு வருடம் முடித்து, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேருகிறவர்களும் உண்டு. படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படிக்கும் தாய்மார்களும் நிறைய.

நூலகம் ஏன் முக்கியம்?

மற்ற கல்லூரிகளைவிடக் கட்டணம் குறைவுதான். ஆனால் ஒரு பாடப்புத்தகமே 100 டாலரைத் தாண்டும். எல்லோர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்காது. பெரும்பாலான கல்லூரிகளில் விடுதியும் கிடையாது. வீட்டுக்குப் போனால் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும். அப்புறம் எங்கே உட்கார்ந்து படிப்பது? இந்தக் குறைகளை நூலகம்தான் ஈடுகட்டுகிறது.

1. பாடப்புத்தகம்: வகுப்பில் நடத்தும் புத்தகத்தில் ஒன்றிரண்டு பிரதிகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் போல அங்கேயே படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். நம் குழுச் சேமிப்பு ஒருவர் கைமாறி ஒருவருக்குச் சுழல்கிறதே, அது மாதிரிதான்.

2. கம்ப்யூட்டர்: அங்கேயே உட்கார்ந்து பயன்படுத்தலாம். பல கல்லூரிகளில் லேப்டாப்பை வீட்டுக்கும் கடனாகத் தருகிறார்கள்.

3. சொல்லித்தர ஆள்: பல வருடம் கழித்துப் படிக்க வருகிறவருக்கு எதை எங்கே தேடுவது என்றே தெரியாது. நூலகர் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவார். நெட்டில் வருவதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் இதில் அடக்கம்.

4. இலவசப் புத்தகம்: ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் 2012 முதல் கல்லூரிப் பாடப்புத்தகங்களை நெட்டில் இலவசமாகத் தருகிறது. இது போன்ற புத்தகங்களைத் தேடி எடுத்து ஆசிரியர்களுக்குக் காட்டுவதும் நூலகர்கள்தான்.

நாம் என்ன செய்யலாம்?

படிப்பு நின்றுபோனால், "எனக்குப் படிப்பு ஏறல" என்று நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். பல நேரம் குறை நம்மிடம் இல்லை. கையில் புத்தகம் இல்லை, உட்கார இடம் இல்லை, கேட்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அதனால் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். லைப்ரரி இருக்கிறதா? எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பாடப்புத்தகம் கிடைக்குமா? கம்ப்யூட்டர் உண்டா? சந்தேகம் கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? இந்த ஐந்தையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். படிப்பை விட்டவர்கள் உங்கள் குழுவில் எத்தனை பேர், அவர்கள் தொடர என்ன உதவி தேவை என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.