ஆடியோ கேபிளை நாமே செய்வோம்

ஆடியோ கேபிள் மக்கர் செய்தால் பழுது பெரும்பாலும் கம்பியின் நடுவில் இருக்காது, பிளக்குக்குள்தான் இருக்கும். பற்றவைத்த இடம் விட்டிருக்கும், அல்லது இழுபட்டு இழை அறுந்திருக்கும். அதனால் வீட்டில் கேபிள் செய்பவர்கள் நல்ல செம்புக் கம்பியை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தையும் பொறுமையையும் முனைகளில் போடுவதே கெட்டிக்காரத்தனம்.

ஸ்பீக்கர் கம்பி

இதில் முக்கியம் தடிமன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் எம்.எம். கம்பியில் அதன் மின்தடை சுமார் 0.07 ஓம், 1.5 என்றால் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டுமே பொருட்டில்லை.

ஆனால் செம்புதானா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான ஸ்பீக்கர் வயர்கள் பலவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம்; மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம்.

முனைக்கு 4 எம்.எம். பனானா பிளக். திருகி இறுக்கும் வகை என்றால் இழைகளில் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மிருதுவானது; திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி, பிடி தளர்ந்துவிடும்.

ஆர்சிஏ கேபிள்

சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சிக்னல் சிறியது. வெளி இரைச்சல் புகாமலிருக்க ஷீல்டு எனும் செம்பு வலை வேண்டும். மீட்டர் கணக்கில் கிடைக்கும் இரண்டு கோர் மைக் கேபிளே போதும். ஒரு கோர் பிளக்கின் நடு ஊசிக்கு. மற்றதும் வலையும் சேர்ந்து வெளி வளையத்துக்கு. எம்.எம். (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் போட்ட டர்ன்டேபிளுக்கு மட்டும் கெபாசிட்டன்ஸ் குறைந்த கேபிளாகத் தேடி, நீளத்தைக் குறையுங்கள். டிஜிட்டல் கோஆக்ஸியல் இணைப்புக்கு 75 ஓம் கேபிள் வேண்டும்.

பிளக் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கேபிள் அதன் வாய்க்குள் நுழைகிறதா? மேலுறையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதா? நடு ஊசியைத் தாங்கும் பிளாஸ்டிக் சூடு தாங்குமா? தாங்காவிட்டால் பற்றவைக்கும்போதே ஊசி சாய்ந்துவிடும். தங்க முலாம் கறுக்காமல் இருப்பதற்குத்தான். மின்சாரம் கடத்துவதில் தங்கம் செம்புக்கு ஒரு படி கீழே.

சாதாரண ஆர்சிஏவில் நடு ஊசி முதலில் தொடும், கிரவுண்டு பிறகுதான். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது செருகினால் ‘ஊம்’ என்று அலறுவது இதனால்தான். நியூட்ரிக்கின் புரோஃபை பிளக்கில் ஸ்பிரிங் வைத்த வளையம் கிரவுண்டை முதலில் தொட வைக்கிறது. எந்தப் பிளக்கானாலும் சுவிட்சை அணைத்துவிட்டே செருகுங்கள்.

பற்றவைப்பது

பிளக்கின் மூடியை முதலிலேயே கேபிளில் கோத்துவிடுங்கள். சால்டரிங் அயர்னை 350 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, நுனியால் பிளக்கின் தகட்டையும் கம்பியையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயத்தை அயர்னில் வைக்காமல் சூடான இடத்தில் காட்டினால் அதுவே உருகி ஓடிப் பரவும். ஆறும்வரை கம்பி அசையக் கூடாது. 60/40 ஈயம் பளபளப்பாக உறைந்தால் சரி. மங்கலாக, உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்குங்கள். கிளாம்பை வலைமேல் அல்ல, மேலுறைமேல் இறுக்குங்கள்.

கடைசியாக மல்டிமீட்டரை பீப் ஒலிக்கு வையுங்கள். ஊசிக்கு ஊசி, வளையத்துக்கு வளையம் பீப் வர வேண்டும். ஊசிக்கும் வளையத்துக்கும் வரக் கூடாது. அப்படியே பிளக்கின் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் மூடியைத் திறந்து அந்த முனையை வெட்டிப் புதிதாகப் பற்றவையுங்கள்.