பாலைவனத்தின் பழங்கதை சொல்லும் ஏரிச் சேறு

சிராங்கூன் வட்டாரத்தில் வாழும் பெரியவர்கள் பலருக்கு, ஊரில் உமிக்கரியால் பல் துலக்கிய நினைவு இருக்கும். அது நறநறவென்று இருப்பதற்குக் காரணம், நெல் உமியில் உள்ள சிலிக்கா. மணலில் இருப்பதும் அதே பொருள்தான். புல் இனத் தாவரங்கள் இதை வேர்வழியே உறிஞ்சித் தம் செல்களில் சேர்த்து வைக்கின்றன. செடி மக்கினாலும் அந்த நுண்துகள்கள் பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடக்கும்.

பாலைவனத்தில் பண்டைய மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்று அறிய இத்தகைய துகள்களே பெரிதும் உதவுகின்றன. குடிசையும் தோலாடையும் அழிந்துவிடும். ஆனால், சிலிக்காத் துகள், மகரந்தம், அடுப்புக் கரித்தூள் ஆகியவை மண் அடுக்குகளில் தங்கிவிடுகின்றன. எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து, கரிமக் கணிப்பின் மூலம் அதன் காலத்தை அறிகிறார்கள்.

தார் பாலைவனமே இதற்கு நல்ல சான்று. ராஜஸ்தானின் சாம்பர், டிட்வானா, லூன்கரன்சர் உப்பு ஏரிகளின் சேற்றை ஆய்வாளர் குர்தீப் சிங் ஆராய்ந்தார். 9,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அடுக்குகளில் கரித்தூளும் தானியப் பயிர் வகை மகரந்தமும் இருந்ததை அவரும் குழுவினரும் 1970களில் வெளியிட்டனர். மனிதர்கள் காட்டை எரித்துப் பயிர் செய்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால், காட்டுப் புல்லின் மகரந்தமும் அதே தோற்றத்தில் இருக்கக்கூடும். மின்னலாலும் தீ மூளும். எனவே, அந்த முடிவு விவாதத்துக்கு உள்ளானது.

மழை குறைந்ததே சிந்துவெளி நகரங்கள் நலிந்ததற்குக் காரணம் என்ற கருத்தையும் குர்தீப் சிங் முன்வைத்தார். 1999இல் யெஹூடா என்சல் குழுவினர் லூன்கரன்சர் சேற்றை மீண்டும் ஆராய்ந்தபோது வேறு விடை கிடைத்தது. அந்த ஏரி சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது. நகரங்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே செழித்தன. ஆயினும், ஹரியானாவின் கோட்லா தஹர் ஏரியில் கிடைத்த நத்தை ஓடுகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுவிழந்ததாக 2014இல் தெரிவித்தனர். நகரங்கள் நலிந்த காலமும் ஏறத்தாழ அதுவே.

ஆக, ஓர் ஏரி வற்றியதை மட்டும் வைத்து ஒரு நாகரிகத்தின் முடிவைத் தீர்மானிக்க முடியாது. பல ஏரிகளின் சேறும், குடியிருப்புகளில் கிடைத்த அடுப்புச் சாம்பலும் தானியத் துகளும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் உறுதியாகப் பேச முடியும்.