லவ் பேர்ட்ஸுக்கு பொம்மை செய்யப் போறீங்களா? கொட்டாங்குச்சி ஓகே... உல்லன் நூல் வேண்டவே வேண்டாம்!

போன வருஷம் எங்க வீட்டு லவ் பேர்ட்ஸுக்கு நானே ஒரு ஊஞ்சல் செஞ்சேன். ஐஸ்க்ரீம் குச்சி, கலர் கலரா உல்லன் நூல்... போட்டோவுக்கு செமையா இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தா, நீலக் குருவி ஒத்தைக் காலில் தலைகீழா தொங்கிட்டிருக்கு! பிரிஞ்ச நூலிழை ஒண்ணு விரலைச் சுத்தி இறுக்கி, கால் வீங்கிப்போச்சு. இழையை வெட்டிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். குருவி பொழைச்சிடுச்சு. ஆனா, ஒரு விரலோட நுனி போயிடுச்சு.

அதுக்காக பொம்மையே வேண்டாம்னு விட்டுட முடியாது. நாம லவ் பேர்ட்ஸ்னு சொல்றது பெரும்பாலும் பட்ஜிரிகர். ஆஸ்திரேலியாவோட வறண்ட புல்வெளிகளில் கூட்டமா பறந்து, விதை தேடியே பகலைக் கழிக்கிற சின்னக் கிளி இனம். கூண்டுலயோ கிண்ணம் நிறைய தினை ரெடியா இருக்கு. சாப்பிட்டு முடிச்சா மிச்ச நேரம் என்ன பண்ணும்? கம்பியைக் கடிக்கும், கத்தும். சில பறவைகள் தன் இறகையே பிடுங்கிக்கும் (இதுக்கு நோயும் காரணமா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க). அதனால பொம்மைங்கிறது அழகுக்கு இல்ல, அதுக்கு ஒரு வேலை. கடிச்சுக் கிழிச்சுப் போட்டா, பொம்மை ஹிட்டுனு அர்த்தம்!

தேங்காயோட கண் இருக்கிற பாதி கொட்டாங்குச்சியை எடுத்துக்கோங்க. நார், பருப்பு எல்லாம் சுரண்டிட்டு, வெந்நீரில் கழுவி நல்ல வெயிலில் காய வைங்க. மூணு கண்ல ஒண்ணு மட்டும் மெத்துனு இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால குத்தினாலே ஓட்டை ரெடி, ட்ரில் எல்லாம் தேவையில்ல. பூக்கடையில் கிடைக்கிற வாழைநாரை நாலஞ்சு இழை சேர்த்து முறுக்கி, ஓட்டை வழியா விட்டு, உள்பக்கம் முடிச்சுப் போடுங்க. கவிழ்த்துத் தொங்கவிட்டா மணி மாதிரி இருக்கும். முடிச்சோட சேர்த்து பனை ஓலைத் துண்டு, சோளக்கதிரோட காஞ்ச தோல் நாலஞ்சைக் கட்டினா முடிஞ்சது. செலவு கிட்டத்தட்ட ஜீரோ. மேலே கட்டுற நார் குட்டையா இருக்கட்டும். முடிச்சுக்கு வெளியே நீட்டிட்டிருக்கிறதை ஒட்ட வெட்டிடுங்க.

இன்னும் ஈஸியா வேணுமா? எழுதாத வெள்ளைப் பேப்பரில் ஒரு ஸ்பூன் தினையை வெச்சு, மிட்டாய் மாதிரி முறுக்கி கூண்டுல செருகுங்க. முதல் தடவை பாதி திறந்தே இருக்கட்டும், உள்ளே சாப்பாடு இருக்குன்னு அதுக்குத் தெரியணும்ல! மருந்து அடிக்காத கொய்யாக் கிளையும் கடிக்க நல்லது. அரளி பக்கமே போகாதீங்க, விஷம்.

நூலுக்கு அடுத்த வில்லன், கம்பி. பளபளன்னு துத்தநாகம் பூசின கட்டுக்கம்பியைக் கடிச்சுக் கடிச்சு முழுங்கினா, அந்தத் துத்தநாகமே விஷமாயிடும். கம்பி கட்டாயம் வேணும்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். சலங்கை மணியோட கீறலில் விரல் மாட்டும். வளையம் மாட்டுறதா இருந்தா, தலை நுழையவே முடியாத அளவு சின்னதா இருக்கணும், இல்லன்னா உடம்பே தாராளமா போயிட்டு வர்ற அளவு பெருசா இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சைஸ்தான் ஆபத்து. ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், பெயின்ட் பூசின மரம் எதுவும் வேண்டாம்.

செஞ்ச உடனே கூண்டுக்குள்ள திணிச்சிடாதீங்க. புதுப் பொருளைப் பார்த்தா இதுங்க மிரளும். ரெண்டு மூணு நாள் கூண்டுக்கு வெளியே, கண்ணுல படுற மாதிரி வைங்க. அப்புறம் உள்ளே மாட்டினாலும், அதுங்க உட்கார்ற குச்சிக்கு ரொம்பப் பக்கத்துல வேண்டாம்.

எங்க நீலக் குருவி கொட்டாங்குச்சியைத் தொடவே ஒரு வாரம் ஆச்சு. இப்போ நாலு நாளைக்கு ஒரு தடவை ஓலை மாத்த வேண்டியிருக்கு. தினமும் காலையில் தண்ணி மாத்தும்போதே, நார் எங்கயாச்சும் பிரிஞ்சிருக்கான்னு விரலால் தடவிப் பார்த்துடுவேன்.