உப்புக் காற்றும் சர்வீஸ் பில்லும்

நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வரும் வண்டிகள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் முதலில் தேடுவது பெட்ரோல் பங்க்கைத்தான். காரைக்காலும் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகிறது. மாதக்கணக்கில் இப்படிச் சேர்ந்த மிச்சம் ஒரே மதியத்தில் கரைந்துபோகிற இடம் சர்வீஸ் சென்டர். ஆயில் மாற்றப் போனவரிடம் ஜாப் கார்டு எழுதுகிற தம்பி பணிவாகக் கேட்பார்: "சார், என்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாமா? டயருக்கு நைட்ரஜன்? நம்ம ஊரு கடலோரம், அண்டர்பாடி கோட்டிங் அடிச்சிடுங்க. டெஃப்ளானும் சேர்த்தா ஆஃபர்ல வருது." தலையாட்டினால், பில்லில் ஆயிலின் விலை எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் ஒன்றிரண்டு இந்த ஊருக்கு உண்மையிலேயே தேவை. எது தேவை என்பதை ஆஃபர் அட்டையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. இங்குள்ள உப்பும் ஈரமும், நாம் வண்டி ஓட்டுகிற விதமும்தான் அதைச் சொல்லும்.

முதலில் ஆயில். டிப்ஸ்டிக்கைத் துணியில் துடைத்துக் காட்டி, "கறுத்துப்போச்சு பாருங்க" என்பது பழைய உத்தி. என்ஜின் ஆயிலில் அடிப்படை எண்ணெயோடு பல கூட்டுப்பொருட்கள் கலந்திருக்கின்றன. ஒன்று அமிலத்தை முறிக்கும். துத்தநாகம் கலந்த சேர்மம் ஒன்று உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கும். இன்னொன்று கரித்துகள்களைத் தனித்தனியாகப் பிடித்துவைத்து, அவை ஒன்றுசேர்ந்து கசடாகப் படியாமல் பார்த்துக்கொள்ளும். கரியை ஏந்திக்கொண்ட ஆயில் கறுக்கத்தான் செய்யும். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து ஆயிலின் ஆயுளைக் கணிக்க முடியாது.

ஆயிலைக் கெடுப்பது அதிக வெப்பம் என்று எல்லோருக்கும் தெரியும். போதாத வெப்பமும் கெடுக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் ஈரமும் எரியாத எரிபொருளும் உள்ளேயே தங்கும். காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். நகரிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். பள்ளிக்கூடம், மார்க்கெட், அலுவலகம் எல்லாம் அதற்குள் அடக்கம். வாசலில் கிளப்பி, மூச்சு வாங்குவதற்குள் அணைத்துவிடுகிற ஓட்டம்தான் இங்கே பெரும்பாலும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஷர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மொலென்ஸ்கி என்ற இருவர், ஆயில் எப்போது கெடும் என்று தானாகவே கணிக்கும் முறையைப் பற்றி 1987இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிலின் தரத்தை நேரடியாக அளக்கும் கருவி ஏதும் அதில் இல்லை. என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, ஆயில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற இரண்டை வைத்தே கணக்கு. கிலோமீட்டர் ஒன்றாகவே இருந்தாலும், நெடுஞ்சாலையில் சீராக ஓடிய வண்டியின் ஆயிலைவிட அருகருகே போய் நின்ற வண்டியின் ஆயில் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இருக்கும் மிச்சிகனின் குளிர் நமக்குக் கிடையாது, இங்கே என்ஜின் விரைவில் சூடேறும். ஆகவே பதற வேண்டாம். ஆனால் வண்டியோடு வரும் கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். குறுந்தூர ஓட்டம் அதில்தான் வருகிறது. கிலோமீட்டருக்குப் பக்கத்தில் 'அல்லது இத்தனை மாதம்' என்று போட்டிருப்பதும் இப்படிப்பட்ட வண்டிக்காகத்தான். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிற ஸ்கூட்டருக்கு மீட்டரைவிட நாள்காட்டி முக்கியம். தினமும் நாகை, மயிலாடுதுறை என்று போய்வருகிறவர், 'சீக்கிரம் மாத்திட்டா நல்லதுதானே' என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை என்ற பழைய வழக்கத்தை விட்டுக் கையேட்டைப் பாருங்கள் என்று கலிஃபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்தது. கழிவு ஆயில் குவிவதுதான் அதன் கவலை.

பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கியர் பைக்கின் கிளட்ச் அதே ஆயிலுக்குள் நனைந்தபடி இயங்குகிறது. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் ஃப்ளஷ், முறையாக ஆயில் மாற்றி வரும் வண்டிக்குத் தேவையில்லை. பழைய கசடு நிறைந்த என்ஜினில் அது விஷப்பரீட்சையும்கூட. பெயர்ந்து வரும் கசடு, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் செலவு எங்கோ போய் நிற்கும். ஆனால் இந்த ஊருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டிக் கரையைக் கடந்தபோது நடந்ததுபோல டெல்டாவே தண்ணீரில் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில், என்ஜினுக்குள் நீர் புகுந்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறிவிடும். அப்போது வண்டியைக் கிளப்பவே கூடாது. ஆயிலை வடித்து, மலிவான புது ஆயில் ஊற்றிக் கழுவி, அதையும் வடித்துவிட்டு, பிறகு நல்ல ஆயில். அங்கே ஃப்ளஷ் நியாயமான செலவு.

நைட்ரஜனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆக்சிஜன் ரப்பர் வழியாகக் கொஞ்சம் வேகமாகக் கசியும் என்பது உண்மை. அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களை ஓராண்டு வைத்துச் சோதித்தது. காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன, நைட்ரஜன் நிரப்பியவை 2.2. ஓராண்டுக்கு வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ. மாதம் ஒருமுறை பங்க்கில் காற்று பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

டெஃப்ளான் கோட்டிங் இன்னும் சுவாரசியம். அந்தப் பொருள் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பதற்குக் காரணம், தொழிற்சாலையில் அந்த அளவு சூட்டில் சுட்டெடுப்பது. பைக் டேங்க்கின் மேல் துணியால் தேய்த்தால் அப்படிப் பிணைய வழியில்லை. பளபளப்பு வரும், அது மெழுகு பாலிஷ் தரும் பளபளப்பு. அதே பொருளை ஆயிலில் கலந்து விற்ற ஸ்லிக் 50 என்ற சரக்கின் விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996இல் வழக்குத் தொடுத்து, மறுஆண்டு சமரசத்தில் முடித்தது.

இனி உப்பு. 'கடலோர ஊரு சார்' என்று அந்தத் தம்பி சொல்வது விற்பனைப் பேச்சு மட்டுமல்ல. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். காரைக்காலில் கோடையில்கூட ஈரப்பதம் அவ்வளவு இறங்குவது அரிது. அதாவது வண்டியின் அடியில் படிந்த கடலுப்பு ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் துரு ஏறுகிறது. ஆனால் அலையிலிருந்து எழும் உப்புத் துளிகளில் பெரியவை கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. கரையோரக் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் நிறுத்துகிற வண்டிக்கும் திருநள்ளாற்றில் நிறுத்துகிற வண்டிக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

தொழிற்சாலையிலேயே காரின் உடலை மின்னூட்டம் பெற்ற பிரைமர் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். அது எட்டாத பற்றவைப்பு இணைப்புகளும் கதவு மடிப்புகளும்தான் பலவீனம். கடற்கரை ஓரம் வசிப்பவர் புது வண்டிக்குக் கோட்டிங் அடித்தால் பலன் உண்டு. துருப்பிடித்த அடிப்பாகத்தின் மேல் அடித்தால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடி முத்திரை குத்தியதாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி எளிது: கழுவி, காயவைக்க எவ்வளவு நேரம் எடுப்பீர்கள்? ஆயில் மாற்றுகிற ஒரு மணி நேரத்துக்குள் அதையும் முடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அடிப்பாகத்தைக் கழுவுவதே பாதி வைத்தியம். ஆனால் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பை உப்பால் கழுவியதாகும். கழிவு ஆயிலை அடியில் தெளிக்கும் பழைய லாரிக்கார வழக்கமும் வேண்டாம். துருவைக் கொஞ்சம் தடுக்கும். ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மழையில் வழிந்து வாய்க்காலுக்கும் போகும்.

அதே போர் தண்ணீர் ரேடியேட்டருக்குள்ளும் போகக்கூடாது. உறைபனியே பார்க்காத ஊரில் கூலன்ட் எதற்கு என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நாம் காசு கொடுப்பது உறைபனித் தடுப்புக்காக அல்ல, அரிப்பைத் தடுக்கும் மருந்துக்காக. குளோரைடு நிறைந்த தண்ணீர் அலுமினியத்தில் பொத்தல் போட்டுவிடும்.

ஆஃபர் அட்டையில் பெரும்பாலும் காணாத ஒன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. குழாயின் ரப்பர் வழியாகவும் ஈரம் உள்ளே போகிறது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. சமதரையான காரைக்காலில் இது தெரியவே தெரியாது. கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய், வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பல கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஆயில், ஃபில்டர் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். பிரேக் ஆயில் மாற்றிய தேதி இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.