உஷார்! டர்போ கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி, இப்போது "இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று ஏங்க ஆரம்பித்திருக்கிறீர்களா? பர்ஸைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு வழி இருப்பதாகச் சொல்வார்கள். இருக்கிற இன்ஜினிலேயே டர்போ மாட்டுவது ஒன்று. அந்த இன்ஜினை இறக்கிவிட்டுப் பெரிய இன்ஜினை ஏற்றுவது இன்னொன்று. எதில் குதிரைத்திறன் அதிகம், எதில் செலவு குறைவு என்று பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். அப்படி முடிவெடுத்த பலருடைய கார், பிரித்துப் போட்டபடி ஷெட்டில் வருடக்கணக்கில் கிடக்கிறது. சிலருடைய இன்ஜின் உடைகிறது. அபூர்வமாகக் கார் தீப்பிடிக்கவும் செய்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இப்போது உள்ளே இருக்கும் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது? நீங்கள் வசிக்கும் ஊரின் சட்டம் இந்த வேலையை ஏற்குமா?

பொத்தாம் பொதுவாகப் பேசினால் புரியாது. இந்த இரண்டு வழிகளையும் உலகத்திலேயே அதிகமாகச் சோதித்துப் பார்த்த கார்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி 1997 வரை தயாரான இரண்டு சீட் திறந்த கார். எடை ஏறக்குறைய ஒரு டன். ஆரம்பத்தில் 1.6 லிட்டர் இன்ஜின், அமெரிக்க மாடலில் 116 குதிரைத்திறன். 1994 மாடலிலிருந்து 1.8 லிட்டர், 128 குதிரைத்திறன். வளைவுகளில் இதை ஓட்டுவது தனி சுகம். நேர்ச் சாலையில்தான் இழுவை போதாது. அதனால்தான் இத்தனை பேர் இதன் பானெட்டைத் திறந்து கைவைக்கிறார்கள்.

டர்போவின் ஆபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம், மலிவாகவும் சுலபமாகவும் தெரிவது அதுதான். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதோடு 6 பிஎஸ்ஐ சேர்த்தாலே சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு கணிசமாக ஏறிவிடும். ஆனால், 1.6 லிட்டர் மியாட்டாவின் கம்ப்ரெஷன் விகிதம் 9.4. டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்றே வடிவமைத்த அளவு அது. இதே குடும்பத்து இன்ஜினை 323 ஜிடிஎக்ஸ் காருக்காக மாஸ்டாவே டர்போவாக்கியபோது, அந்த விகிதத்தை 7.9-க்கு இறக்கிவிட்டுத்தான் செய்தது. பின்னாளில், 2004-ல் மாஸ்டாஸ்பீட் என்ற பெயரில் டர்போ மியாட்டாவைக் கம்பெனியே கொண்டுவந்தது. 178 குதிரைத்திறனுக்காக இன்டர்கூலர், வலுவான கிளட்ச், ஆறு கியர் பெட்டி, தடித்த டிரைவ் ஷாஃப்ட் என்று வரிசையாக மாற்றியது. ஒரு கம்பெனி இவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்ததை, பெட்டியில் வரும் கிட் ஒன்று சனி, ஞாயிறில் செய்து முடித்துவிடும் என்று நம்பாதீர்கள்.

அழுத்தம் ஏறியதும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் தொட்ட முனையிலிருந்து சீராக எரிந்து வருவதற்குப் பதிலாக, மறுகோடியில் தானாகவே படாரென்று எரிந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். பழைய சாதாரணக் காரில் மேட்டில் ஏறும்போது கேட்கும் லேசான 'டிக் டிக்' வேறு. டர்போ அழுத்தத்தில் வரும் நாக்கிங் சில நொடிகளிலேயே பிஸ்டனை முடித்துவிடும். அப்படிச் செத்த பிஸ்டன் ஒன்று கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினிய விளிம்பு, எலி கொறித்ததுபோல் உடைந்திருக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவுக்குச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.

இந்த நாக்கிங்கை ஆரம்பித்தவுடனே கண்டுபிடித்துச் சொல்லும் நாக் சென்சார் முதல் தலைமுறை மியாட்டாவில் கிடையாது. கூரையைத் திறந்து, காற்று காதில் அறைய ஓட்டும் காரில் சத்தம் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. 1.6 லிட்டரில் காற்றை அளப்பது ஒரு சின்ன மடல். அது முழுதாகத் திறந்த பிறகு எவ்வளவு அதிகக் காற்று போனாலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தெரியாது. டர்போ இருப்பதே தெரியாத ஈசியூ, பழையபடி ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுத்து, பழையபடி குறைவான பெட்ரோலையே ஊற்றும். ஆகவே புரோகிராம் செய்யக்கூடிய தனி ஈசியூ, பெரிய இன்ஜெக்டர்கள், குதிரைத்திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிச் செய்த டியூனிங், இந்த மூன்றும் இல்லாத டர்போ கிட்டைத் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றி, ஸ்பார்க் நேரத்தை விட்டுவிடும் பழைய பாணி கிட்டுகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

வெளியே தெரியாத பலவீனங்களும் உண்டு. இந்த இன்ஜின் முன்சக்கர இழுவைக் காரில் குறுக்குவாட்டில் உட்காருவதற்காக உருவானது. மியாட்டாவுக்காக நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் வெளியேறும் வாயை இன்ஜினின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பின்கோடியில் இருக்கும் நான்காவது சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடுகிறது. சாதாரணமாக ஓட்டும்வரை பாதகமில்லை. டர்போ சூடு சேர்ந்தால் முதல் அடி அங்கேதான். கூலன்ட் பாதையை மறுபடி பின்பக்கம் திருப்பும் வேலையை அனுபவசாலிகள் செய்வது இதற்காகத்தான். 1990, 1991 தொடக்கக் கார்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு குட்டையாக இருக்கும்; சாவி உட்காரும் காடி தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும். அந்த இன்ஜினுக்கு டர்போ போடுவதாக இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

தீ விஷயத்துக்கு வருகிறேன். டர்போவுக்குள் போகும் ஆயில், கீழே இன்ஜின் சம்புக்குத் தானாக வழிந்து திரும்ப வேண்டும். அதற்காகச் சம்பில் ஓட்டை போட வேண்டும். மியாட்டாவில் சம்பைக் கழற்றுவது பெரிய வேலை என்பதால், காரிலேயே வைத்து, டிரில் பிட்டில் கிரீஸ் பூசித் துளைக்கிறார்கள். சீவல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஒட்டாத சீவல் ஆயிலோடு பேரிங்குக்குப் போனால் என்னாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இதைவிட மோசமானது, அந்த ஆயில் குழாயில் வரும் கசிவு. டர்போவின் புகைப் பக்கம் கடுமையான ஓட்டத்தில் 800, 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதன்மேல் ஆயில் சொட்டினால் தீதான். மேனிஃபோல்ட் ஸ்டட்கள் அதிர்வில் தளர்ந்து உடைவதும் இந்தக் காரில் அடிக்கடி நடப்பது. டர்போ மாட்டிய காரில் தீயணைப்பான் இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள்.

டிஃபரென்ஷியல், கிளட்ச், பிரேக் மூன்றும் தனிச் செலவு. 1.6 லிட்டர் காரின் சின்ன டிஃபரென்ஷியல் டர்போ விசையைத் தாங்காது. 1994-க்குப் பிந்தைய கார்களின் பெரிய டிஃபரென்ஷியலைத் தேடி மாட்ட வேண்டியிருக்கும். வேகத்தைக் கூட்டுகிறவர் முதலில் பிரேக்கைக் கூட்ட வேண்டும். பலர் கடைசியாகத்தான் அதற்கு வருகிறார்கள்.

சரி, இன்ஜினையே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே? தொல்லை வேறு உருவத்தில் வரும். ஹோண்டா கே24 எடுத்தாலும் சரி, செவர்லேயின் எல்எஸ் வி8 எடுத்தாலும் சரி, நீங்கள் வாங்குவது இன்ஜினை மட்டும் அல்ல. மவுண்ட், அடாப்டர் தட்டு, சம்பு, ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட், வயரிங் ஹார்னஸ், சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக மறுக்கும் அந்த இன்ஜினின் ஈசியூ, எல்லாம் பின்னாலேயே வரும். வி8 என்றால் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் சேர்ந்தே மாறும். ஓரளவு வெல்டிங் தெரிந்த நண்பர் போதாது. இதே வேலையை முன்பு செய்து முடித்த ஒர்க்‌ஷாப் வேண்டும். ஸ்கிராப் யார்டிலிருந்து வரும் இன்ஜினின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. அதைக் காரில் ஏற்றுவதற்கு முன் சம்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்காதவர்கள், ஏற்றிய பிறகு இறக்கிப் பார்க்கிறார்கள்.

யாரும் பெருமையாகப் பேசாத ஒரு மாற்றம் இருக்கிறது. 1.6 லிட்டரை இறக்கி, அதே குடும்பத்து ஆரோக்கியமான 1.8 லிட்டரை ஏற்றுவது. மவுண்டும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். என் கருத்தில், தேய்ந்த இன்ஜின் உள்ளவர்களுக்கு இதுதான் சரியான வழி. இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, சட்டமும் அனுமதித்தால், குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காக டியூன் செய்த டர்போ. வி8 என்பது, வேறு வண்டி ஒன்று அன்றாடத்துக்கு இருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டியது.

சட்டத்தில் ஏமாறுகிறவர்கள்தான் எனக்கு அதிக வேதனை தருகிறார்கள், ஏனென்றால் வேலை நன்றாகவே முடிந்த பிறகு ஏமாறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே டர்போ கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். மாற்றிய இன்ஜின் காரின் வருடத்தையோ அதற்குப் பிந்தைய வருடத்தையோ சேர்ந்ததாக, தன் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அத்தனையோடும் இருக்க வேண்டும். பிரிட்டனில் இன்ஜின் மாற்றத்தை வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் எல்டிஏ, மலேசியாவில் ஜேபிஜே என்ற போக்குவரத்துத் துறைகளின் அனுமதியில்லாமல் இன்ஜினைத் தொடக் கூடாது.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண் ஒன்று, பானெட்டுக்குள் இருக்கும் எண் வேறு என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்ன பதில் சொல்வீர்கள்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான். காட்டிக்கொள்ளாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்து எதிரே வரும் குடும்பத்தின் நஷ்ட ஈட்டோடு விளையாடாதீர்கள். வேகம்தான் வேண்டுமென்றால் காரை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ, கோவை காரி ஸ்பீட்வேக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள்.

முடிவெடுக்கும் முன் இன்ஜினைச் சூடாக்கி, நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதன்பின் லீக் டவுன் டெஸ்ட் செய்யுங்கள். செலவு சொற்பம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சையே அன்றோடு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே டர்போ மாட்டிய காரை இன்னொருவரிடம் வாங்குகிறீர்கள் என்றால், டைனோ கிராஃப் கேளுங்கள். அதில் குதிரைத்திறன் கோட்டைவிட, காற்று-பெட்ரோல் விகிதக் கோட்டைப் பாருங்கள். முழு அழுத்தத்தில் அது 11.5, 12 அளவில் நின்றிருக்க வேண்டும். டியூன் ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றச் சொல்லி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸைக் கொடுக்காமல் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.